சர்க்கரை வியாதியும் தலைவிதியும்

(நாட்டரசன்கோட்டையில் கூடிய பொதுக்கூட்டத்தில் தோழர் ஒருவர் பேசியதின் சாரம்)



இந்தக் கூட்டத்திற்கு வந்திருக்கும் உங்களில் பலர், நான் வழக்கம்போல் சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசப் போகிறேன் என்று எண்ணி வந்திருப்பீர்கள். ஆனால் இவ்வூர்த் தோழர்கள், சர்க்கரை வியாதியைப் பற்றியும், அதை அடக்கி வைப்பதற்கு வேகமாய் நடப்பதும் ஓடுவதும் எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பற்றியும் பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். "இது டாக்டர் பேசவேண்டிய விஷயமாயிற்றே, இவனுக்கு இதில் என்ன யோக்கியதை?" என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு உள்ள யோக்கியதை ஒன்றே ஒன்றுதான். அதாவது, அந்த வியாதி எனக்குப் பதினோரு வருஷமாய் இருக்கிறது. என் தகப்பனாருக்கும் இருந்தது.

என் தகப்பனார் தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடந்துபோகிறவர். செருப்பில்லாமல் பன்னிரண்டு வருஷம் நடந்தார். பதிமூன்றாம் வருஷம் வழியில் ஒரு கண்ணாடிச் சில் காலில் ஏறிற்று. ஏறினது அவருக்குத் தெரியவில்லை. ஏனெனில், சர்க்கரை வியாதியால் பாதத்தின் நரம்பு ஏற்கெனவே மரத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வந்து நாலாம் நாள், நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தோம். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்போது அவர் சொன்ன வார்த்தை, "எல்லாம் முன் ஜென்ம வினை, தலையிலே எழுதினதை யார் அழிக்க முடியும்?" என்பதுதான். கால் போனது எனக்குத் துக்கம். ஆனால் அந்த வார்த்தைதான் அதைவிடப் பெரிய துக்கம். பிற்பாடு அந்த வியாதி எனக்கும் வந்தபோது, "அப்பனுக்கு வந்தது மகனுக்கும் வந்தது, விதி" என்று ஊரார் சொன்னார்கள். ஆகவேதான் இந்த விஷயம் இந்த மேடைக்கு உரியது என்று சொல்லுகிறேன். மாத்திரை கிராமத்துக்கு வந்துவிட்டது. ஆனால் தலைவிதி இன்னும் கிராமத்தை விட்டுப் போகவில்லை.

தோழர்களே! இது ஏதோ நாலு பணக்காரர்களின் வியாதி என்று நினைக்கவேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் எடுத்து 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்குமேல். அதன் வாசற்படியில் நிற்பவர்கள், அதாவது இன்னும் வியாதி என்று சொல்லும் அளவுக்கு ஏறாமல், சரியான அளவிலும் இல்லாமல் நடுவே நிற்பவர்கள், 13 கோடிக்குமேல். இத்தனை கோடிப் பேர் தலையிலும் ஒரே எழுத்தை எழுதுகிற வேலை எந்தக் கடவுளுக்கு இருக்கிறது? யோசித்துப் பாருங்கள்.

முதலில் இந்த வியாதி என்ன என்பதைப் பார்ப்போம். நாம் தின்னும் சோறு, இட்டிலி, பணியாரம் எல்லாம் வயிற்றில் கரைந்து சர்க்கரையாகி இரத்தத்தில் சேருகிறது. இரத்தத்தில் இருந்தால் மட்டும் அதனால் பயனில்லை. அது தசைக்குள்ளே போய் எரிந்தால்தான் நமக்குப் பலம். தசையின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே விடும் சாவிதான் இன்சுலின். அதை வயிற்றுக்குள் இருக்கும் கணையம் என்னும் உறுப்பு சுரக்கிறது. சிலருக்குக் கணையம் அந்தச் சாவியைச் செய்வதே நின்றுபோகிறது. அது முதல் வகை. சிறுபிராயத்திலேயேகூட வருவது. அவர்களுக்கு இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர் இல்லை. இரண்டாம் வகை, நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது. இதில் சாவி இருக்கும், பூட்டுத்தான் துருப்பிடித்துவிடும். ஒரு சாவிக்குத் திறக்கவேண்டிய கதவு மூன்று சாவி போட்டாலும் திறப்பதில்லை. கணையமும் மேலும் மேலும் சுரந்து சுரந்து நாளடைவில் ஓய்ந்துபோகிறது. உள்ளே போகமுடியாத சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி, கண், சிறுநீரகம், பாதத்து நரம்பு, இருதயம் ஆகியவற்றைச் சத்தமில்லாமல் அரிக்கிறது.

இந்தச் சாவியைக் கண்டுபிடித்த கதையும் தெரிந்துகொள்ளத் தக்கது. 1921-இல் கனடா தேசத்து டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இரண்டு பேர், நாய்களின் கணையத்தை ஆராய்ந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த ஒரு பதினாலு வயதுப் பையனுக்கு முதன்முதல் அந்த ஊசி போடப்பட்டது. பையன் பிழைத்தான். அதற்கு முன்னே எத்தனை ஆயிரம் குழந்தைகளுக்கு எத்தனை ஆயிரம் நேர்த்திக்கடன் செய்திருப்பார்கள்? ஒரு குழந்தையாவது அதனால் தப்பிற்றா?

நிற்க, நடப்பதற்கும் ஓடுவதற்கும் இதில் என்ன வேலை என்பதைச் சொல்லுகிறேன். தசையின் கதவுக்கு இன்சுலின் என்கிற சாவி ஒன்றுதான் வழி என்று இல்லை. தசை வேலை செய்து சுருங்கி விரியும்போது, அது தனக்கு வேண்டிய சர்க்கரையைத் தானாகவே கதவைத் திறந்து இழுத்துக்கொள்ளுகிறது. அதற்கு இன்சுலின் தேவையில்லை. வாசலில் சாவி நுழையாமல் நிற்கும்போது, உள்ளே இருப்பவனே எழுந்து வந்து தாழ்ப்பாளை எடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பில் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் புட்டத்திலும் கெண்டைக்காலிலும் இருக்கின்றன. நடக்கும்போதும் ஓடும்போதும் அவை அத்தனையும் ஒரே காலத்தில் வேலை செய்கின்றன. அன்றியும், நடை நின்ற பிறகும் அந்தப் பூட்டின் துரு சிறிது காலத்துக்குக் குறைந்தே இருக்கும். எவ்வளவு காலம்? ஒரு நாள் முதல் இரண்டு மூன்று நாள் வரையில். அதற்குமேல் இல்லை. இந்த ஒரு சங்கதியை மட்டும் நன்றாய் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

"இதெல்லாம் சரி, ருஜு என்ன?" என்று கேட்கவேண்டும். கேட்பதுதான் பகுத்தறிவு. ருஜு சொல்லுகிறேன். 1986-இல் சீன தேசத்தில் டாச்சிங் என்னும் ஊரில், வியாதியின் வாசற்படியில் நின்ற 577 பேரை எடுத்துக்கொண்டு சோதித்தார்கள். ஒன்றும் செய்யாமல் விடப்பட்ட கூட்டத்தில் ஆறு வருஷத்தில் 100-க்கு 68 பேருக்கு வியாதி வந்துவிட்டது. தேகப்பயிற்சி மாத்திரம் செய்த கூட்டத்தில் 100-க்கு 41 பேருக்குத்தான் வந்தது. "அது சீனாக்காரன் உடம்பு" என்பீர்கள். நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடன் இருந்தவர்களும் 531 பேரை வைத்துச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று வருஷத்தில், சும்மா இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. தினம் அரைமணி வேகமாய் நடந்து சாப்பாட்டையும் சீர்செய்தவர்களில் 39 பேருக்கு வந்தது. மெட்பார்மின் மாத்திரை தின்றவர்களில் 40 பேருக்கு வந்தது. அதாவது, நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சேர்ந்து மாத்திரைக்குச் சமானமாய் வேலை செய்தன.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். நடந்தவர்களிலும் 39 பேருக்கு வந்தது. ஆகையால் "நடந்தால் வியாதி வரவே வராது" என்று உங்களிடம் எவனாவது சொன்னால், அவன் ஜோசியனுக்குத் தம்பி. பரம்பரை என்பது மெய். அப்பனுக்கு இருந்தால் மகனுக்கு வர அதிக இடமுண்டு. ஆனால் பரம்பரை வேறு, தலைவிதி வேறு. விதி என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லும். பரம்பரை என்றால், "உனக்கு ஆபத்து அதிகம், மற்றவனைவிட நீ சீக்கிரம் எழுந்து நட" என்று சொல்லும்.

வியாதி ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு என்ன பயன் என்றும் பார்த்திருக்கிறார்கள். கடந்த மூன்று மாதத்தின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. அதை ஏ1சி என்பார்கள். பல தேசங்களில் நடந்த சோதனைகளை ஒன்றாய்ச் சேர்த்து 2011-இல் கணக்குப் பார்த்ததில், வாரத்திற்கு 150 நிமிஷத்திற்குமேல் முறையாய்ப் பயிற்சி செய்தவர்களுக்கு அந்த அளவு 0.89 குறைந்தது. 150 நிமிஷமோ அதற்குக் குறைவாகவோ செய்தவர்களுக்கு 0.36 குறைந்தது. ஒன்பது இருந்தவனுக்கு எட்டுக்குக் கொஞ்சம் மேல் என்று இறங்குவது சிறிய விஷயமல்ல. ஒரு மாத்திரை செய்கிற வேலையை ஏறக்குறைய அது செய்கிறது.

இங்கே நம் வைதீக நண்பர்கள் ஓடிவந்து, "இதைத்தானே எங்கள் சுசுருதர் அன்றைக்கே சொல்லிவிட்டார்" என்பார்கள். வாஸ்தவம். சுசுருதர் பேரால் வழங்கும் நூலில், இந்த வியாதி உள்ள ஏழை செருப்பும் குடையும் இல்லாமல் நூறு யோசனை தூரம் நடக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நடக்கச் சொன்னது சரி. செருப்பில்லாமல் நடக்கச் சொன்னது தவறு. என் தகப்பனாரின் கால் அதற்குச் சாட்சி. அதே இடத்தில், பிராமணன் சிந்திய தானியத்தைப் பொறுக்கி வாழட்டும், மற்றவன் உழட்டும் அல்லது கிணறு வெட்டட்டும் என்றும் இருக்கிறது. வைத்தியத்திலும் வருணம் வந்துவிட்டது பார்த்தீர்களா? ஆகவே, பழைய நூலில் சொன்னது என்பதற்காக நாம் ஒன்றை ஏற்கவும் வேண்டியதில்லை, தள்ளவும் வேண்டியதில்லை. சோதித்துச் சரியென்று கண்டதை எடுத்துக்கொள்ளுவோம். தவறென்று கண்டதை விட்டுவிடுவோம்.

இப்போது முன்னே சொன்ன சங்கதிக்கு வருகிறேன். ஒரு நடையின் பலன் இரண்டு மூன்று நாளோடு தீர்ந்துபோகும் என்று சொன்னேன் அல்லவா? இந்தச் செட்டிநாட்டிலிருந்து தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடந்துபோகிற ஆயிரக்கணக்கான ஜனங்களை நான் பார்க்கிறேன். வெயிலில், தார் ரோட்டில், நாட்கணக்காய் நடக்கிறார்கள். எவ்வளவு பலம்! எவ்வளவு உறுதி! நான் அதைக் கேலி செய்ய வரவில்லை. ஆனால் போய்ச்சேர்ந்த மறுநாள் பஸ் ஏறித் திரும்பி வந்து, அடுத்த தை வரையில் முகப்புத் திண்ணையை விட்டு இறங்குவதில்லையே! தைப்பூசத்தில் நடந்த நடை மாசிக்குப் பாக்கி நிற்காது. முருகன் கணக்கில் வரவு வைத்திருந்தாலும் வைத்திருக்கலாம், உங்கள் தசையின் கணக்கில் வரவு இல்லை. அந்த நடையைத் துண்டு துண்டாக்கி வருஷம் முழுவதும் பரப்பினால், தினம் சில நிமிஷ நடைதான் ஆகும். சாமிக்காக நாட்கணக்கில் நடக்கிற கால், தனக்காக அரைமணி நடக்கக் கூடாதா?

எப்படி நடப்பது என்றால், ஊர்க்கதை பேசிக்கொண்டு மெல்ல உலாவுவது போதாது. மூச்சு கொஞ்சம் வாங்கவேண்டும். பேச முடியவேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் அளவு. இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். வாரத்திற்கு 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள் அரைமணி. இரண்டு நாளைக்குமேல் தொடர்ந்து விடக்கூடாது. காரணம் முன்னே சொன்னதுதான். ஒரே தடவையாய் அரைமணி ஒழியாதவர்கள், மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிஷம் நடக்கலாம். நியூஸிலாந்தில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 41 பேரை வைத்துச் செய்த சோதனை 2016-இல் வெளிவந்தது. தோன்றியபோது அரைமணி நடப்பதைவிட, சாப்பிட்ட பின் பத்து நிமிஷமாய்ப் பிரித்து நடந்தபோது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை அதிகம் குறைந்தது. அதிலும் இராச்சாப்பாட்டுக்குப் பின் நடந்தது அதிகப் பலன் தந்தது. நம்மவர்கள் இராத்திரி இட்டிலியைத் தின்றவுடன் பாயை விரிக்கிறார்கள். பாயை விரிக்குமுன் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் என்ன குறைந்துவிடும்?

ஓட்டத்தைப் பற்றி. ஓடினால் பாதி நேரத்தில் அதே பலன் கிடைக்கும். வாரத்திற்கு 75 நிமிஷம் போதும். ஆனால் திண்ணையிலிருந்து இறங்கி நேரே ஓடக்கூடாது. முதல் இரண்டு மூன்று மாதம் நடை. பிறகு மூன்று நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் மெல்லோட்டம் என்று மாற்றி மாற்றிச் செய்து, வாரத்திற்கு வாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் நீட்டவேண்டும். ஓட முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. டென்மார்க் தேசத்தில் இந்த வியாதி உள்ள ஒரு சிறு கூட்டத்தாரை நாலு மாதம் நடக்கவைத்து, 2013-இல் முடிவு சொன்னார்கள். ஒரே சீராய் நடந்தவர்களைவிட, மூன்று நிமிஷம் விரைவாய், மூன்று நிமிஷம் மெதுவாய் என்று மாற்றி நடந்தவர்களுக்கே உடம்பின் எடையும் சர்க்கரையும் குறைந்தன.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் வேண்டுமானால், சென்னை மேயராக 2006 முதல் 2011 வரையில் இருந்து, 2021-இல் தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சரான தோழர் மா. சுப்பிரமணியனைச் சொல்லலாம். தமக்குச் சர்க்கரை வியாதி உண்டென்பதை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். விபத்தில் முழங்காலில் பலத்த அடிபட்டவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஓட்டத்தில் இறங்கி, 21 கிலோமீட்டர் ஓட்டங்களை நூற்றுக்குமேல் ஓடினார். அவர் அமைச்சராயிருந்த காலத்தில், 2023 நவம்பரில், மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைக் குறித்துத் திட்டமும் தொடங்கப்பட்டது. இதைச் சொல்லுவது அவருக்குப் படம் வைத்து மாலை போடுவதற்கல்ல. நாளைக்கே 21 கிலோமீட்டர் ஓடுங்கள் என்பதற்குமல்ல. வியாதி வந்தவன் ஒடுங்கிக் கிடக்கவேண்டியதில்லை, முறையாய்ப் பழகினால் வியாதி இல்லாதவனையும் தாண்டி ஓடலாம் என்பதற்காகச் சொன்னேன்.

இனி ஜாக்கிரதையாய் இருக்கவேண்டிய விஷயங்கள். இவற்றைச் சொல்லாமல் ஓடச்சொன்னால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

ஒன்று, நடக்க ஆரம்பித்தவுடன் மாத்திரையையோ ஊசியையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் பார்த்துச் செய்யவேண்டியது. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஓடும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். நடுக்கம், வேர்வை, கண் இருட்டல், பசி இவை அடையாளம். அளவு 70-க்குக் கீழே போனால் ஆபத்து. இவர்கள் புறப்படுமுன் அளவு பார்த்து, 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது தின்றுவிட்டுத்தான் இறங்கவேண்டும். மடியில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோசோ இருக்கட்டும். திருநீற்றுப் பொட்டலம் மறந்தாலும் இது மறக்கக்கூடாது.

இரண்டு, செருப்பில்லாமல் நடக்கக்கூடாது, ஓடக்கூடாது. தீமிதிக்கவும் கூடாது. விரலை நெருக்காத, அடி மெத்தென்ற பூட்சைப் போட்டுக்கொள்ளவேண்டும். தினம் இராத்திரி உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். தனக்குத் தெரியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பார்க்கட்டும், அல்லது பெண்சாதி புருஷனுடையதையும் புருஷன் பெண்சாதியினுடையதையும் பார்க்கட்டும். பெண்சாதி காலைப் புருஷன் தொட்டால் ஆண்மை குறைந்துபோகாது.

மூன்று, கண். இதை இந்த ஊரில் கட்டாயம் சொல்லவேண்டும். கண்ணுடைய நாயகி கோவிலுக்குக் கண் நோய் தீரவேண்டும் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். சர்க்கரை வியாதி கண்ணுக்குப் பின்னால் உள்ள திரையின் மெல்லிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது, முதலில் வலியும் இராது, பார்வையும் குறையாது. குறைவது தெரிந்து நேர்ந்துகொள்ள வரும்போது பாதி காரியம் கெட்டுப் போயிருக்கும். காலத்தில் கண்டுபிடித்தால் லேசர் முதலிய சிகிச்சையால் பார்வையைக் காக்கலாம். மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இன்று உலகம் அறிந்தது. அது இங்கிருந்து தூர தேசத்தில் இல்லை. வருஷத்திற்கு ஒருமுறை கண்ணில் மருந்து விட்டு உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். கோவிலுக்குப் போகிறவர்கள் போகட்டும், ஆனால் கண்ணைக் காட்டுவதைக் கண் டாக்டரிடம் காட்டட்டும். திரையில் இரத்தக்கசிவு இருந்தால், அதைச் சரிசெய்யும் வரையில் வேகமாய் ஓடக்கூடாது.

நாலு, நடக்கும்போது மார்பு இறுக்கினாலும், மூச்சு முட்டினாலும், மயக்கம் வந்தாலும் உடனே நின்று ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் ஓட்டத்தில் இறங்குமுன் இருதயத்தைக் காட்டிக்கொள்ளுவது நல்லது.

தாய்மார்களே! இனி உங்களுக்குச் சொல்லவேண்டியது. இந்த ஊரில் ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் பின்கட்டை முடிக்கிற வீடுகள் இருக்கின்றன. அவ்வளவு பெரிய வீட்டில் வாழ்கிற பெண் நடக்க இடமில்லாமல் இருக்கிறாள்! ஆண்பிள்ளை காலையில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தால் "உடம்பைப் பார்த்துக்கொள்ளுகிறார்" என்கிறார்கள். அதே தெருவில் நாற்பது வயது அம்மாள் பூட்ஸ் போட்டுக்கொண்டு கையை வீசி நடந்தால், திண்ணைகளெல்லாம் சிரிக்கின்றன. "வளவுக்குள்ளேயே சுற்றி நடக்கட்டுமே" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். சர்க்கரைக்கு வளவு போதும், மனுஷிக்கு வளவு போதாது. வியாதி ஆண் பெண் பார்த்து வருவதில்லை. மருந்து மாத்திரம் ஆணுக்குத் தெருவிலும் பெண்ணுக்கு அடுக்களையிலும் என்றால் அது என்ன நியாயம்? நாலு பெண்கள் சேர்ந்து புறப்படுங்கள். முதல் வாரம் சிரிப்பார்கள், இரண்டாம் வாரம் பார்ப்பார்கள், மூன்றாம் வாரம் தங்கள் வீட்டுப் பெண்களையும் அனுப்புவார்கள்.

இப்போது ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "வயலில் வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? அவனுக்கும் நடை வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மண்வெட்டி பிடித்து நாள் முழுவதும் வேலை செய்கிறவனுடைய தசை ஏற்கெனவே சர்க்கரையை எரித்துக்கொண்டுதான் இருக்கிறது. அவனுக்கு வேண்டியது ஓட்டமல்ல, ஓய்வும் நல்ல சாப்பாடும். ஆனால் உழவுக்கு டிராக்டர், போவதற்கு மோட்டார் சைக்கிள், உட்கார்ந்தால் டெலிவிஷன் என்று கிராமமும் மாறிவிட்டது. தமிழ்நாடும் சேர்த்து நான்கு பகுதிகளில் எடுத்து 2014-இல் வெளிவந்த கணக்கில், 100-க்கு 54 பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று கண்டது. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்கிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆகையால் "நான் குடியானவன், எனக்கு வராது" என்று யாரும் ஏமாறவேண்டாம்.

இடம் இல்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் ஆசியாட் காலனி என்னும் குடியிருப்பில், டாக்டர் மோகன் முதலானோர் 1996-97-இல் பரிசோதனை செய்து வியாதியின் அளவை எடுத்துச் சொன்னார்கள். அங்குள்ளவர்கள் அரசாங்கம் வரும் என்று காத்திராமல் தாங்களே பணம் போட்டு நடக்க ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்திற்கு மூன்று தடவைக்குமேல் பயிற்சி செய்கிறவர்கள் முன்னே 100-க்கு 14 பேர். ஏழு வருஷம் கழித்துப் பார்த்தபோது 59 பேர். தேருக்கும் திருவிழாவுக்கும் வீட்டு வரி வசூலிக்கத் தெரிந்த நமக்கு, ஊரணிக் கரையைச் செதுக்கி, முள்ளை வெட்டி, நாலு விளக்குப் போட வசூலிக்கத் தெரியாதா? அப்படிப் போட்டால் ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கரையில் இன்ன தெருவார்தான் நடக்கலாம், இன்ன தெருவார் கூடாது என்ற பேச்சு வரக்கூடாது. எல்லாச் சாதியாருடைய இரத்தத்திலும் சர்க்கரை ஒரே மாதிரிதான் இனிக்கிறது.

கடைசியாக ஒன்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன். நான் சொன்னதை நீங்கள் நம்பவேண்டாம். சர்க்கரை பார்க்கும் சிறு கருவி இன்று பல வீடுகளில் இருக்கிறது. இல்லாதவர்கள் இருக்கும் வீட்டில் இரவல் வாங்குங்கள், ஊசியை மட்டும் ஆளுக்கொன்று புதிதாய் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்திருந்து, ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பாருங்கள். மறுநாள் அதே சாப்பாட்டை அதே அளவு சாப்பிட்டு, இருபது நிமிஷம் வேகமாய் நடந்துவிட்டு, அதே நேரத்தில் ஒரு துளி எடுத்துப் பாருங்கள். இரண்டு எண்களையும் சுவரில் எழுதுங்கள். ஒரு நாள் போதாது, நாலைந்து தடவை செய்யுங்கள். மூச்சிறைக்க மிகவும் வேகமாய் ஓடினால் சிறிது நேரம் சர்க்கரை ஏறிக்கூடக் காட்டலாம், பயப்படவேண்டாம், பிறகு இறங்கும். இதேபோல் ஒரு நாள் நேர்ந்துகொண்டும் பார்க்கலாம், நான் தடுக்கவில்லை. எது எண்ணைக் குறைக்கிறதோ அதைச் செய்யுங்கள்.

என் தகப்பனார் தலையில் எழுதியிருந்ததை யாரும் படித்ததில்லை. என் சுவரில் எழுதியிருக்கும் எண்களை யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். பதினோரு வருஷமாகியும் இரண்டு காலோடும் இரண்டு கண்ணோடும் இந்த மேடையில் நிற்கிறேன். நாளைக் காலை ஐந்தரை மணிக்கு இவ்வூர்த் தோழர்கள் தெப்பக்குளத்தங்கரையில் கூடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் வருகிறேன். செருப்பில்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.